கடல் உன் பக்கம்

– கடல் என் பக்கம்டா, மாலக்கி.

– தெரியும்.

– அப்புறம் ஏன் அந்தப் பக்கமே பார்த்துட்டு வர்றே? மூணு நாளா உனக்குக் கடலைக் காட்டத்தான் வண்டி ஓட்டுறேன். டொனிகல்லேர்ந்து கிளேர் வரைக்கும் ஒரு அலையாவது பார்த்தியா?

– பார்த்தேன். ஈரமா இருந்துச்சு.

– மாதாவே! எங்கெங்கேர்ந்தோ ஜனங்க விமானம் பிடிச்சு வந்து பார்க்கிற கடலுடா இது.

– அவங்க ஊர்ல மழையே பெய்யாதோ என்னமோ. லோர்க்கன், மெதுவா போ. அந்த மேட்டு வயல்ல ஒரு செவலை மாடு நொண்டுது.

– நொண்டட்டும். நான் லீவுல இருக்கேன்.

– வலது முன்னங்கால். மாட்டு டாக்டர்னு பேரு, நொண்டுற மாட்டைத் தாண்டிப் போறே.

– இந்த நாட்டுல நொண்டுற மாட்டுக்கெல்லாம் நான் நின்னா கெர்ரி போய்ச் சேர கிறிஸ்துமஸ் ஆயிடும். இப்ப எதுக்கு அந்த டிராக்டர்காரனைப் பார்த்து விரலைத் தூக்கினே?

– எதிர்ல வந்தான். ஒரு வணக்கம்.

– ஓட்டுறவன்தான் ஸ்டியரிங்லேர்ந்து ஒரு விரலைத் தூக்கணும். பக்கத்துல உக்கார்ந்திருக்கவன் தூக்கக் கூடாது. அதுதான் முறை.

– நீ தூக்கலையே. நம்ம நம்பர் பிளேட்டைப் பார்த்துட்டு அந்த ஆளு என்ன நினைப்பான்? கேவன்காரன் ஒரு விரலைக்கூட செலவு பண்ண மாட்டான்னு நினைப்பான். ஏற்கெனவே நமக்குக் கஞ்சன்னு நல்ல பேரு.

– சரிப்பா, அடுத்த டிராக்டருக்கு ரெண்டு கையையும் தூக்கறேன்.

– நில்லு, நில்லு! சுவத்துல பச்சைப் பெட்டி. தபால் பெட்டி.

– எங்க?

– தாண்டிட்டே.

– பின்னாடி பஸ்ஸு வருதுடா. எங்க நிறுத்த?

– நேத்து கால்வேயில பஸ்ஸு. முந்தாநாள் ஸ்லைகோவுல நாய் குறுக்க வந்துச்சு. இத்தனை தபால் பெட்டியையும் நிறுத்த முடியாத இடமா பார்த்து வெச்சிருக்காங்களா?

– இன்னிக்கு புதன்கிழமைதானே? நாளைக்குப் போடலாம்.

– இந்தக் கவர் திங்கக்கிழமைக்குள்ள மரக் கம்பெனிக்குப் போய்ச் சேரணும். இல்லைன்னா என் நிலத்தை விட்டுட்டு வேற நிலத்தை எடுத்துப்பாங்க.

– கையெழுத்தே போட்டுட்டியா?

– போட்டுட்டேன். நூத்தியிருபது ஏக்கரும் மரத்துக்கு. அவங்களே செடி நடுவாங்க, அவங்களே வெட்டுவாங்க. நான் கேட்டை மூடி வெச்சா போதும்.

– ஊசியிலை மரம். உள்ள வெளிச்சமே விழாது. ஒரு புல்லு முளைக்காது. முப்பத்தஞ்சு வருஷம் மாடு மேய்ஞ்ச நிலம்டா அது.

– மேய்ஞ்சுது. இப்ப மாடு எங்க இருக்கு? அறுபத்தி நாலையும் லாரியில ஏத்தி அனுப்பியாச்சு.

– நோய் வந்த பண்ணையெல்லாம் மறுபடி மாடு வாங்கிட்டுதானே இருக்கு? கொட்டகையைக் கழுவி மருந்து அடிச்சாச்சு. இந்த மாசத்துலேர்ந்து உனக்கும் வாங்க அனுமதி இருக்கு.

– அனுமதி அவங்க குடுத்திருக்காங்க. நான் குடுத்துக்கலை. நிறுத்து, அந்த கேட்டுக்கிட்ட நிறுத்து. அந்த ஆளுகிட்ட மாடு நொண்டுதுன்னு சொல்லிட்டு வந்துடறேன்.

– டேய், அது அவன் மாடுடா!

– அவனுக்குத் தெரியாம இருந்தா? ரெண்டே நிமிஷம்.

*

– லோர்க்கன், சொல்லிட்டியா?

– என்ன ஓர்லா, பொண்டாட்டி போன் பண்ணினா முதல்ல ‘சாப்பிட்டியா’ன்னு கேட்கக் கூடாதா?

– சாப்பிட்டியா?

– ம். ஹாம் சாண்ட்விச்.

– சொல்லிட்டியா?

– இன்னும் இல்ல.

– மாலக்கி பக்கத்துல இருக்கானா?

– வயல்ல இருக்கான். கிளேர்க்காரன் ஒருத்தன்கிட்ட அவன் மாடு நொண்டுதுன்னு சொல்லப் போனான். அந்தாளு தொப்பியைக் கழட்டித் தலையைச் சொறிஞ்சான். இப்ப ரெண்டு பேரும் சேர்ந்து மாட்டுக் காலைத் தூக்கிப் பிடிச்சுட்டு நிக்கிறாங்க. ரெண்டு நிமிஷம்னு சொல்லிட்டுப் போனான்.

– இங்க பாரு. காலைல கால்நடை ஆபீஸ்லேர்ந்து போன் வந்துச்சு. உன் கடிதம் கிடைச்சிடுச்சாம்.

– அதுக்குள்ளயா? திங்கக்கிழமைதானே டொனிகல்ல போட்டேன்.

– மாலக்கியோட செல் நம்பர் கேட்டாங்க. வெள்ளிக்கிழமை காலைல அவனைக் கூப்பிடுவாங்களாம்.

– வெள்ளிக்கிழமையா.

– ஆமா. ‘போன வருஷமே உங்க மாடு ஒண்ணுல டிபி அறிகுறி இருந்துச்சு, உங்க டாக்டர் தெரிஞ்சே மறைச்சிருக்காரு’ன்னு எவனோ ஒரு ஆபீஸர் வாயால அவன் கேட்கணுமா?

– கூடாது.

– அதுக்குத்தானே இந்த ஊர்சுத்தல்? கடிதம் போட்ட கையோட சொல்லிடறேன்னியே.

– வாயைத் திறந்தேன் ஓர்லா. அந்த நேரம் பார்த்து, ‘அம்மா இருந்தப்பவே ஒரு தடவை இங்கெல்லாம் கூட்டிட்டு வந்திருக்கலாம், மாட்டை விட்டுட்டு எங்க வர்றது’ன்னான். என்னத்தைச் சொல்ல?

– அவன் எப்பவும் ஏதாவது சொல்லிட்டுதான் இருப்பான். அதுக்காக நீ சொல்லாம இருக்க முடியுமா?

– உனக்கு ஒண்ணு தோணுச்சா? அவன் ஒரு தடவைகூடக் கேட்கலை, நோய் எங்கேர்ந்து வந்துச்சுன்னு. மழை பெஞ்சாலே ஏன் பெய்யுதுன்னு கேட்கிற ஆளு. பக்கத்துப் பண்ணைக்காரனைத் திட்டலை. அரசாங்கத்தைத் திட்டலை. லாரி போன அன்னிக்கு வாசல்ல நின்னுட்டு, ‘டாக்டரே, உள்ள வா, டீ குடி’ன்னான். அந்த டீ இன்னும் எனக்கு இறங்கலை.

– யாரையும் திட்டலைன்னா தன்னைத் திட்டிக்கிறான்னு அர்த்தம். அதனாலதான் நிலத்தை மரத்துக்குக் குடுக்கிறான். நான்தான் மாட்டைச் சரியா பார்த்துக்கலைன்னு.

– அந்தக் கவரை அவன் தபால்ல போட விடாம மூணு நாளா ஓட்டிட்டு வர்றேன்.

– அது பெரிய சாமர்த்தியமா? தபால் பெட்டியைக் கண்டா வேகமா ஓட்டுறது?

– சொன்னா அவன் போயிடுவான் ஓர்லா. ஆறு வயசுலேர்ந்து ஒரே பெஞ்சு.

– தெரியும்.

– லைசென்ஸ் போகும். அது போகட்டும், அதை மனசுல வெச்சுதான் கடிதம் போட்டேன். இவன் போனா?

– லைசென்ஸ் போனா நான் இருக்கேன். மாலக்கி போனா அந்த இடத்துல நான் வந்து உக்கார முடியாது, எனக்கு அது தெரியாதா? ஆனா நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள நீ சொல்லணும். இல்லைன்னா நானே அவனைக் கூப்பிட்டுச் சொல்லிடுவேன்.

– வர்றான். வெச்சிடறேன்.

– லோர்க்கன்.

– என்ன?

– வண்டியை ஒழுங்கா ஓட்டு.

*

– டால்ஃபின்டா! அதோ, அந்த மிதவைக்கிட்ட! ரெண்டு... இல்ல, மூணு!

– பார்த்தேன்.

– எங்க பார்த்தே? படகுல இருக்கிற அத்தனை பேரும் அந்தப் பக்கம் ஓடுறான். நீ ஒருத்தன் முதுகைக் காட்டிட்டு இந்த டிரெய்லர்கிட்ட நிக்கிறே.

– உள்ள ஆறு கன்னு இருக்கு. லிஸ்டோவல் பக்கம் போகுதாம். இது என் விரலைச் சப்புது பாரு. பசி இல்ல இதுக்கு, பயம். முதல் தடவையா தண்ணி மேல போகுதில்ல.

– மாலக்கி, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்.

– சொல்லு.

– இங்க இரைச்சலா இருக்கு.

– அப்ப சத்தமா சொல்லு.

– நர்ஸை ஞாபகம் இருக்கா?

– அவளுக்கு என்ன?

– இல்ல, ஞாபகம் இருக்கான்னு கேட்டேன்.

– மறக்கிற மாடா அது? எவ கன்னு போட்டாலும் பெத்தவளுக்கு முன்னாடி இவ போய் நக்கிக் குடுத்துட்டு நிப்பா. அம்மாதானே அந்தப் பேரையே வெச்சாங்க. இப்ப எதுக்கு அவளைக் கேட்கிறே?

– அவ... நல்ல மாடு.

– இதைச் சொல்லவா இவ்வளவு மூச்சு வாங்குது உனக்கு?

– சும்மா நினைப்பு வந்துச்சு.

– ம். கரை வந்துடுச்சு. போய் வண்டியை எடு. பின்னாடி அந்த ஜெர்மன்காரன் இப்பவே ஹாரன்ல கையை வெச்சிருக்கான்.

– நீ வா முதல்ல. கன்னுக்கிட்டேர்ந்து விரலை எடு.

– டார்பர்ட்ல இறங்கினதும் ஒரு தபால் பெட்டி இருக்குன்னு இந்த டிரெய்லர்காரன் சொன்னான்.

– அது ஒருவழிப் பாதைடா. நாம அந்தப் பக்கம் போகலை.

– டார்பர்ட்ல இருக்கிறதே ரெண்டு தெரு, லோர்க்கன்.

*

– எங்கடா போய்த் தொலைஞ்சே? ராத்திரி தங்கின வீட்டுக்கார அம்மா கதவைத் தட்டி, ‘உங்க சிநேகிதர் படுக்கை காலி, பூட்ஸும் இல்ல’ன்னுது. எனக்கு உசிரே போயிடுச்சு. கடல் வேற நூறு அடியில இருக்கு.

– கடலுக்கு நான் எதுக்குப் போறேன்? அஞ்சு மணிக்கு முழிப்பு தட்டிடுச்சு. படுத்தே இருந்தேன். மூணு வீடு தள்ளி பால் மெஷின் ஓடுற சத்தம் கேட்டுச்சு.

– போயிட்டியா?

– போனேன்.

– யாருன்னுகூடத் தெரியாத ஆளு வீட்டுக்கு!

– ‘எந்த ஊரு?’ன்னான். ‘கேவன்’னேன். ‘மாடு எத்தனை?’ன்னான். ‘இருந்துச்சு. டிபி’ன்னேன். அதுக்கப்புறம் அவன் ஒண்ணும் கேட்கலை. ஆணியில தொங்கின ரப்பர் ஏப்ரனை எடுத்து என் மேல வீசினான். நாப்பத்திரண்டு மாடு. அவன் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்.

– அந்தாளு பேரு என்ன?

– கேட்கலை.

– பூட்ஸைக் கழுவினியா?

– டாக்டரே, எனக்கே சொல்றியா? வாசல்ல மருந்துத் தண்ணித் தொட்டி வெச்சிருந்தான். போறப்பவும் கழுவினேன், வர்றப்பவும் கழுவினேன்.

– காதுல சாணி ஒட்டியிருக்கு.

– இருக்கட்டும்.

– மார்ச்ல லாரி போனதுலேர்ந்து உன் மூஞ்சியை இப்படி நான் பார்க்கலை.

– எப்படி?

– இப்படி. ஆள் மாதிரி. இப்படி இருக்கிற நீ போய் நிலம் முழுக்க மரம் நடப் போறியா?

– கறக்கிறது வேற, வெச்சுக்கிறது வேற, லோர்க்கன். அடுத்தவன் மாட்டைக் கறந்துட்டு வந்துடலாம். அதுங்க உசிருக்கு நான் பொறுப்பில்ல.

– உன் மாட்டுக்கு நீ என்ன குறை வெச்சே? ஒரு நாள் லீவு எடுத்திருப்பியா? என் கல்யாணத்துக்கே கறக்கிற நேரம்னு பாதி விருந்துல ஓடினவன் நீ.

– அது பேச்சு வேண்டாம்.

– வேணும்டா. அதைத்தான்...

– உள்ள முட்டை ஆறிட்டிருக்கும். வா.

– ஆறட்டும். அந்தம்மா எனக்கு டீ ஊத்தி ஊத்தியே வயிறு குளமாயிடுச்சு. வேண்டாம்னு சொல்லச் சொல்ல ஊத்துது.

– எத்தனை தடவை சொன்னே?

– ரெண்டு.

– மூணு தடவை சொன்னாத்தானே வேண்டாம்னு அர்த்தம். கெர்ரியில வேற நாலா இருக்குமோ என்னமோ.

– மூணாவது தடவை சொல்றதுக்குள்ள கப்பு நிறைஞ்சிடுதேடா.

– குடி. இன்னும் ரொம்ப தூரம் போகணும் நாம.

*

– என்ன நிறுத்திட்டே?

– தபால் பெட்டி. அதோ, அந்த மஞ்சள் வீட்டுச் சுவத்துல.

– அட! நீயா பார்த்து நிறுத்துறியா? டாக்டருக்கு உடம்பு சரியில்லையா?

– இன்னிக்கு வியாழக்கிழமை. இந்த மலை தாண்டினா கார்க் பக்கம் இறங்கிடுவோம், அப்புறம் வீட்டுக்குப் போற ரோடு. அதான் நிறுத்தினேன்.

– சரி. மழை கொஞ்சம் விடட்டும். போட்டுட்டு வந்துடறேன்.

– போடறதுக்கு முன்னாடி நான் ஒண்ணு சொல்றேன். நடுவுல பேசாதே. நீ பேசினா நான் நிறுத்திடுவேன்.

– ம்.

– போன வருஷம் ஜனவரி. உன் மாடுங்களுக்கு டிபி சோதனை. திங்கக்கிழமை வந்து எல்லாத்துக்கும் கழுத்துல மேல ஒண்ணு, கீழ ஒண்ணுன்னு ரெண்டு ரெண்டு ஊசி போட்டேன். வியாழக்கிழமை தடிப்பை அளக்க வந்தேன்.

– வந்தே.

– நர்ஸுக்குக் கீழ் ஊசி போட்ட இடம் தடிச்சிருந்துச்சு. மேல் ஊசியைவிட மூணு மில்லிமீட்டர் ஜாஸ்தி. மூணுன்னா ‘சந்தேகம்’னு எழுதணும். எழுதியிருந்தா அன்னிக்கே உன் பண்ணையைப் பூட்டியிருப்பாங்க. ஒரு கன்னு வெளிய போக முடியாது. கொட்டகையில இடம் கிடையாது, நாப்பது மாடு சினை, உள்ள உங்கம்மா கடைசி நாள்ல இருக்காங்க. நீ ஒத்தை ஆளு. நான் திரும்ப ஒரு தடவை அளந்தேன். அப்பவும் மூணு. காலிப்பரைத் துடைச்சு உறையில போட்டுட்டு ‘சரி’ன்னு எழுதிட்டேன். ஆறு வாரம் கழிச்சு நானே வந்து அவளை மட்டும் தனியா பார்த்துக்கலாம்னு கணக்குப் போட்டேன். அதுக்குள்ள உங்கம்மா போயிட்டாங்க. அடக்கம், வீடு பூரா சனம், அப்புறம் உனக்குக் கன்னு போடுற காலம். நான் வரலை. மறந்துட்டேன்னு சொல்ல மாட்டேன், மாதா சத்தியமா மறக்கலை. போனா பார்க்க வேண்டி வரும்னு போகலை. அந்த வசந்தம் முழுக்க அவ பிறந்த கன்னு ஒவ்வொண்ணையும் நக்கினா. இந்த ஜனவரியில அளந்தா முப்பத்தொண்ணு மாட்டுக்கு நோய். அறுத்துப் பார்த்த அறிக்கை எனக்கு வந்துச்சு. எல்லாத்துலயும் பழைய நோய் அவளுக்குத்தான். உன் மாட்டைக் கொன்னது நான்டா. உன் கையில ஒரு தப்பும் இல்ல. இதைத் தெரிஞ்சுக்கிட்டு அப்புறம் அந்தக் கவரைப் போடறதா வேண்டாமான்னு பாரு.

– முடிச்சிட்டியா?

– இன்னும் ஒண்ணு. நடந்ததை எல்லாம் எழுதிக் கால்நடை ஆபீஸுக்கு அனுப்பிட்டேன். திங்கக்கிழமை, டொனிகல்லேர்ந்து. நாளைக்குக் காலைல உன்னைக் கூப்பிடுவாங்க.

– ‘சிகரெட் வாங்கிட்டு வர்றேன்’னு இறங்கிப் போனியே. அதுவா?

– அதுதான்.

– நீ சிகரெட்டை விட்டுப் பத்து வருஷம் ஆச்சேன்னு அப்பவே நெனைச்சேன்.

– ஏதாவது திட்டுடா. இறங்கிப் போகணும்னாலும் போ. பான்ட்ரிலேர்ந்து பஸ் இருக்கு.

– ஏன் அப்படி எழுதினே?

– சொன்னேனே. கொட்டகையில இடம்...

– அது எல்லாப் பண்ணையிலயும்தான் இருக்காது. வேற யாருக்காவது இப்படி எழுதியிருக்கியா?

– இல்ல. முப்பது வருஷத்துல ஒரு தடவை இல்ல.

– அப்ப எனக்கு ஏன்?

– உன் வீட்டுல எப்பவும் முதல்ல மாடு, அப்புறம் பூட்ஸைக் கழுவிட்டு டீ. நீ மாத்தினதே கிடையாது. அன்னிக்கு மட்டும் ‘முதல்ல டீ குடி, அம்மா காலைலேர்ந்து உன்னையே கேட்டுட்டு இருக்காங்க’ன்னே. உள்ள வந்தேன். உங்கம்மா என் கையைப் பிடிச்சாங்க. ‘லோர்க்கன், என் பையனைப் பார்த்துக்கோ’ன்னாங்க. அவ்வளவுதான் சொன்னாங்க. அந்தக் கையோட வெளிய வந்து காலிப்பரைப் பிடிச்சேன்டா. வேற எதை எழுதுவேன் நான்?

– கடிதத்துல என்னைப் பத்தி என்ன எழுதினே?

– பண்ணைக்காரருக்கு எதுவுமே தெரியாதுன்னு எழுதினேன்.

– அப்படியேவா எழுதினே?

– அப்படியேதான். அதுதானே உண்மை.

– அப்ப நீ பாதிக் கடிதம்தான் போட்டிருக்கே. அந்த டேஷ்போர்டைத் திற. கவரை எடு.

– போடப் போறியா?

– கிழி.

– என்ன?

– கவரைக் கிழிச்சுப் படிவத்தை வெளிய எடு. பின்பக்கம் ஒண்ணும் அச்சடிக்கலை, காலியாத்தான் இருக்கு. உன்கிட்ட பேனா இருக்குமே.

– இதுல எழுதினா படிவம் வீணாப் போயிடும்டா.

– போகட்டும். என் கையெழுத்தை எவனாலயும் படிக்க முடியாது, நீ எழுது. ‘டாக்டர் அனுப்பின கடிதத்தோட இதையும் சேர்த்துப் படிக்கவும்.’ எழுதிட்டியா?

– ம்.

– ‘புதன்கிழமை சாயங்காலம் கறக்கிறப்ப, மாலக்கி ஷெரிடனாகிய நான், நர்ஸோட கழுத்தைக் கட்டைவிரலால தடவிப் பார்த்தேன்.’

– புதன்கிழமையா? அளக்கிறதுக்கு முதல் நாளா?

– எழுதுடா. ‘கோலிக்குண்டு மாதிரி தடிப்பு இருந்துச்சு. அது என்னன்னு எனக்குத் தெரியும்.’

– உனக்குத் தெரியுமா?

– முப்பத்தஞ்சு வருஷமா மாட்டுக் கழுத்தைத் தடவுறேன். நீ ரெண்டாவது தடவை அளந்தப்ப நான் கேட் பக்கத்துலதான் நின்னேன். உன் முதுகைப் பார்த்துட்டே நின்னேன். நீ புத்தகத்துல எழுதிட்டு மூடினதும் கேட்டைத் திறந்து மாட்டை எல்லாம் விட்டேன்.

– அதான் நோய் எங்கேர்ந்து வந்துச்சுன்னு நீ கேட்கவே இல்லையா?

– என்னத்தைக் கேட்க? நீ இந்தக் குளிர்காலம் பூரா இளைச்சுட்டே வந்தே. ஓர்லா சர்க்கரை நோயோன்னு பயந்து என்கிட்டயே கேட்டா. எனக்குத் தெரியும், உனக்கு என்ன நோய்னு. சொல்லலை. நீ ஊர் சுத்தலாம்னு கூப்பிட்டப்ப, வழியில எங்கயாவது சொல்லிடலாம்னுதான் வண்டியில ஏறினேன்.

– நாலு நாளா மாட்டை மட்டும் பார்த்துட்டு வந்தியேடா.

– கடல் உன் பக்கம் இருந்துச்சு, லோர்க்கன். அதைப் பார்க்கணும்னா உன் மூஞ்சியைத் தாண்டித்தான் பார்க்கணும்.

– ...

– அழாதே. அழுதா மை ஊறும்.

– அதனாலதான் நிலத்தை மரத்துக்குக் குடுக்கப் பார்த்தியா?

– வேற யாருக்குக் குடுக்க? மாட்டைத் தெரிஞ்சே சாக விட்டவன் மறுபடி போய் மாடு வாங்கிட்டு வந்து கட்டுவானா?

– நானும்தானே விட்டேன்.

– நீ எனக்காக விட்டே. நான் எனக்காக விட்டேன்.

– இங்க பாரு, ஓர்லா மாதிரி சொல்றேன். நாளைக்குப் போன் வந்தா ரெண்டு பேருமா பேசுவோம். என்ன தண்டனையோ வாங்கிப்போம். எனக்கு லைசென்ஸ் போயிடும். உன் மாட்டுக்கு இனிமே நான் ஊசி போட முடியாது. ஆனா கறக்க முடியும். எனக்காக மறுபடி வாங்குடா. ஒரு பத்து மாடு வாங்கு. அஞ்சு மணிக்கு நான் வர்றேன்.

– நீயா? ஒன்பது மணிக்கே கண்ணைத் திறக்காதவன்.

– வர்றேன். அந்தப் பக்கம் நீ, இந்தப் பக்கம் நான்.

– உண்மையாவா சொல்றே?

– உண்மையாத்தான். உங்கம்மாகிட்ட வாக்குக் குடுத்தவன்டா நான்.

– அப்படின்னா இன்னும் ஒரு வரி இருக்கு. அதையும் எழுது. எழுதி முடிச்சுட்டு அப்புறம் சொல்லு, வருவியான்னு.

– இன்னும் என்னடா?

– ‘என் அம்மாவுக்கு...’

– அவங்களை எதுக்கு இதுல இழுக்கிறே? மழை விட்டுடுச்சு, மாலக்கி. போதும், விடு.

– பேனாவை மூடாதே. எழுது. ‘என் அம்மாவுக்கு அந்த மாசம் என் பேரே ஞாபகம் இல்லை. “லோர்க்கன், என் பையனைப் பார்த்துக்கோ”ங்கிறதை டாக்டர் அளக்க வந்த அன்னிக்குக் காலைல கட்டில் பக்கத்துல உக்கார்ந்து, வார்த்தை வார்த்தையா, நான்தான் சொல்லிக் குடுத்தேன்.’